கோணல் வாதத்துக்குத் தலை குனியாதீர்!

"சட்டம் சொல்லிவிட்டது. இனி நாம் பேச என்ன இருக்கிறது?"

மலையகத்தில் நம்மைத் தோற்கடித்த பேச்சுகளில் இதைவிடக் கொடியது வேறில்லை. துரைமார் இப்படிச் சொன்னால் அதில் ஆச்சரியமில்லை, அவர்களுக்கு அது இலாபம். கம்பனிச் சட்டத்தரணி சொன்னாலும் ஆச்சரியமில்லை, அதற்குத்தான் அவர் பணம் வாங்குகிறார். ஆனால் இதை நம்மவரே சொல்கிறார்கள். தோட்டக் கமிட்டியில் சொல்கிறார்கள். வேலை நிறுத்தப்பட்ட பெண்ணின் லயத்து வாசலில் நின்று, "கடிதத்தில் சட்டப் பிரிவெல்லாம் போட்டிருக்கிறான் அம்மா, ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறார்கள்.

சட்டத்துக்கு வாய் கிடையாது. அதை வைத்து மனிதர்கள்தான் வாதம் செய்கிறார்கள். அந்த வாதம் நேராகவும் இருக்கலாம், கோணலாகவும் இருக்கலாம். கறுப்புக் கோட்டுப் போட்டவர் பேசினார் என்பதற்காகக் கோணல் நிமிர்ந்துவிடாது. நீதியரசரே எழுதினாலும் கோணல் கோணல்தான். தீர்ப்புக்குக் கட்டுப்பட வேண்டியிருக்கலாம். அந்தத் தீர்ப்புக்குச் சொல்லப்பட்ட காரணம் சரியென்று நம்ப வேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

நமது குடியுரிமையும் வாக்குரிமையும் பறிபோனது நம்மிடம் நியாயம் இல்லாததாலா? பறித்தவர்கள் நீதிமன்றத்தில் சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். அதே காரணங்கள் இன்றைக்குச் சம்பளப் பேச்சிலும், உள்ளக விசாரணையிலும், வீடு, காணிப் பட்டியலிலும் வேறு சட்டை போட்டுக்கொண்டு வருவது தெரியும்.

முதலில் வாதம் என்றால் என்ன?

எந்த வாதத்துக்கும் இரண்டு கால்கள் உண்டு. ஒன்று, சொல்லும் விஷயம் உண்மையாக இருக்க வேண்டும். மற்றது, அந்த உண்மையிலிருந்து முடிவு தானாக வர வேண்டும். ஒரு கால் இல்லாவிட்டாலும் வாதம் விழுந்துவிடும். நம்மவர்கள் முதல் காலை மட்டும் பார்க்கிறார்கள். "அவன் சொல்வது உண்மைதானே" என்று ஏமாந்துபோகிறார்கள். இரண்டாவது காலை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை.

ஓர் உதாரணம். கொழுந்து காணாமல் போனது என்று ஒரு விசாரணை. காவல்காரர் சொல்கிறார்: "திருடியவன் மாலை ஆறு மணிக்குப் பிறகு அந்த மலையில் இருந்திருக்க வேண்டும். இவரை அந்த நேரத்தில் அங்கே கண்டேன். ஆகவே இவர்தான் திருடினார்." முதல் வசனம் உண்மை. இரண்டாவதும் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். முடிவு வருகிறதா? வரவில்லை. விறகு பொறுக்கப் போனவரும் அந்த மலையில்தான் இருந்தார். மாட்டுக்குப் புல் அறுக்கப் போனவரும் அங்கேதான் இருந்தார். டெங்கு வந்தால் காய்ச்சல் வரும். அதற்காகக் காய்ச்சல் வந்தவருக்கெல்லாம் டெங்கு என்று சொல்லும் டாக்டரிடம் யார் பிள்ளையைக் கொண்டுபோவார்கள்?

இந்தக் கோணலைப் பிடிக்கச் சட்டக் கல்லூரிக்குப் போகத் தேவையில்லை. தராசில் கொழுந்து நிறுக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கத் தெரிந்தவருக்கு இதுவும் தெரியும். இதே கண்ணோடு இப்போது பெரிய வழக்குக்கு வருவோம்.

கோடகன் பிள்ளையின் வழக்கு

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது என்றது. தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டு, 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரஜைகளுக்கு மட்டுமே வாக்கு என்றது. இரண்டு சட்டங்களும் சேர்ந்து நமது கழுத்தில் கத்தரிக்கோலாக விழுந்தன. 1947 தேர்தலில் நுவரெலியா, தலவாக்கலை, மஸ்கெலியா, கொட்டகலை போன்ற தொகுதிகளிலிருந்து நமது பிரதிநிதிகள் பாராளுமன்றம் போனார்கள். 1952 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசிலிருந்து ஒருவரும் போகவில்லை. அந்த ஆண்டுதான் நம்மவர்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள்.

அன்றைய சோல்பரி அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு என்று ஒரு வேலி இருந்தது. மற்றச் சமூகத்தாருக்கு இல்லாத இடையூறையோ கட்டுப்பாட்டையோ ஒரு சமூகத்தின் மேல் மட்டும் சுமத்தும் சட்டம் செல்லாது என்று அது சொன்னது. கேகாலை மாவட்டத்தின் ருவன்வெல்ல தொகுதியில் வாழ்ந்த கோடகன் பிள்ளை, தமது பெயரை வாக்காளர் இடாப்பில் சேர்க்கும்படி கேட்டார். இடாப்பைத் திருத்தும் அதிகாரியாக இருந்த சிவஞானசுந்தரம், இந்தச் சட்டங்கள் அந்த வேலியை மீறுகின்றன என்று முடிவு செய்து, பெயரைச் சேர்க்கச் சொன்னார். பதிவு அதிகாரி முதநாயக்க அந்த முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார். 1951இல் உயர் நீதிமன்றம் அந்த முடிவை ரத்துச் செய்தது. வழக்கு லண்டனில் பிரிவிக் கவுன்சில் வரை போனது. 1953இல் அங்கேயும் தோல்வி.

சொல்லப்பட்ட காரணங்கள் முக்கியமாக மூன்று.

முதல் கோணல்: "சட்டத்தில் உங்கள் பெயர் இல்லையே!"

உயர் நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது. சட்டத்தின் சொற்கள் தெளிவாக இருக்கின்றன. எந்தச் சமூகத்தின் பெயரும் அதில் இல்லை. தந்தை இங்கே பிறக்காத எவருக்கும் அது பொருந்தும். சொற்கள் தெளிவாக இருக்கும்போது, நடைமுறையில் என்ன விளைந்தது, எந்த நோக்கத்தில் செய்தார்கள் என்பதையெல்லாம் பார்க்கத் தேவையில்லை.

முதல் கால் சரிதான். சட்டத்தில் "இந்தியத் தமிழர்" என்று எழுதவில்லை. ஆனால் அதிலிருந்து "ஆகவே அது அவர்களைத் தாக்கவில்லை" என்ற முடிவு எப்படி வரும்? "எட்டடி உயரத்துக்கு மேலே தொங்கும் வாளியில் இருப்பவர் எல்லோரும் தண்ணீர் குடிக்கலாம்" என்று பிள்ளைகள் நிறைந்த வீட்டில் விதி போட்டால், அதில் பிள்ளைகளின் பெயர் இல்லைதான். தாகத்தில் கிடப்பது யார் என்று கேட்டால்தான் அந்த விதி யாருக்காகப் போடப்பட்டது என்பது தெரியும். கண்டிக் கிராமத்தில் வாழ்ந்த ஒருவரிடம், "உன் பாட்டன் பிறந்த சான்றிதழைக் கொண்டு வா, பிறகு வாக்குத் தருகிறோம்" என்று யார் கேட்டார்கள்? லயத்தில் வாழ்ந்தவரிடம்தான் கேட்டார்கள்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். இதே நாட்டு உயர் நீதிமன்றம் 1937இல் வேறு விதமாகவும் வாதித்திருக்கிறது. மடுல்கலையில் றிலுகாஸ் தோட்டத்தில் துரைவேலை பழக வந்த பிரேஸ்கேர்டில் என்ற அவுஸ்திரேலிய இளைஞன், தொழிலாளர் பக்கம் நின்று மேடை ஏறிப் பேசினான். தோட்டத்துரைமார் கொதித்தார்கள். ஆளுநர் ஸ்டப்ஸ், ஒரு பழைய ஆணையை எடுத்துக்காட்டி அவனை நாடுகடத்த உத்தரவிட்டார். ஆணையின் சொற்களை மட்டும் பார்த்தால் ஆளுநர் நினைத்தவரை அனுப்பலாம் என்றுதான் தோன்றும். பிரதம நீதியரசர் ஏபிரகாம்சும் உடனிருந்த நீதியரசர்களும் சொற்களோடு நிற்கவில்லை. இந்த அதிகாரம் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று கேட்டார்கள். அவசரகாலத்துக்குக் கொடுத்த அதிகாரத்தை அமைதிக் காலத்தில் பயன்படுத்த முடியாது என்று அவனை விடுதலை செய்தார்கள்.

ஆக, சட்டத்தின் நோக்கத்தைப் பார்க்க நீதிமன்றத்துக்குத் தெரியும். 1937இல் ஒரு வெள்ளை இளைஞனுக்காக அது அப்படிப் பார்த்தது. 1951இல் லட்சக்கணக்கான தொழிலாளரின் வாக்கு தராசில் இருந்தபோது, "சொல் தெளிவாக இருக்கிறது, வேறொன்றும் பார்க்க வேண்டாம்" என்றது. ஒரே தராசுக்கு இரண்டு படிக்கல் வைப்பதற்குப் பெயர் என்ன என்று கொழுந்து நிறுப்பவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டாவது கோணல்: "நீங்கள் வந்து போகிறவர்கள்"

பிரிவிக் கவுன்சில் உயர் நீதிமன்றத்தைவிட ஒரு படி மேலே போனது. நேராகச் செய்ய முடியாததைச் சட்டம் மறைமுகமாகச் செய்தாலும் அது செல்லாமல் போகலாம் என்று ஒப்புக்கொண்டது. சரியான வாசலைத் திறந்தது. அடுத்த கணமே அதை இழுத்து மூடியது. எப்படி? இந்தியத் தமிழரின் இடம்பெயரும் பழக்கம், அவர்கள் இந்நாட்டுப் பிரஜையாவதற்குத் தகுதியானவர்களா என்ற கேள்வியோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது என்றார்கள். அதோடு, ஒரு சமூகம் என்ற வகையில் அவர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்கள்.

இதை இரண்டு முறை படியுங்கள். "இந்தியத் தமிழரின் பழக்கம்" என்று ஒரு சமூகத்தைச் சுட்டிக் குற்றம் சொல்கிறார்கள். அதே மூச்சில், "சமூகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்கிறார்கள். சம்பந்தம் இல்லாவிட்டால் சமூகத்தின் பெயர் அந்த வசனத்துக்குள் ஏன் வந்தது? முரண்பாடு என்றால் இதுதான்.

உண்மை என்ற காலையும் தட்டிப் பார்ப்போம். கோப்பிக் காலத்தில் பருவத்துக்கு வந்து, பழம் பறித்து, திரும்பிப் போனவர்கள் இருந்தார்கள். தேயிலை அப்படிப்பட்ட பயிர் இல்லை. வருடம் முழுவதும் கொழுந்து வரும், வருடம் முழுவதும் ஆள் வேண்டும். அதனால் குடும்பமாகக் குடியிருத்தினார்கள். லயம் கட்டியது யாருக்காக? பிள்ளைக் காம்பரா கட்டியது யாருடைய பிள்ளைகளுக்காக? 1939இல் இந்திய அரசாங்கம் இலங்கைக்குத் தொழிலாளர் வருவதைத் தடை செய்தது. 1948இல் தோட்டங்களில் இருந்தவர்கள் அந்தத் தடைக்கும் முன்பே வந்தவர்களும் இங்கேயே பிறந்தவர்களும்தான். யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்குப் போய் வேலை செய்து திரும்பிய குடும்பங்கள் எத்தனையோ இருந்தன. "இடம்பெயரும் பழக்கம் உள்ளவர்கள்" என்று அவர்களுடைய குடியுரிமையை யாரும் எடைபோடவில்லை. நாமும் அதைக் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. ஒரே அளவுகோலை எல்லோருக்கும் வைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

கூட்டத்தில் சிலர் போய்வந்தார்கள் என்பதால் ஒவ்வொருவரும் போகிறவரே என்று முடிவு கட்டுவது, ஒரு கூடையில் நாலு முற்றல் இலை கிடந்தது என்று முழுக் கொழுந்தையும் கழிக்கிற வேலை. அந்த அநியாயம் தராசடியில் நடந்தால் சண்டைக்குப் போவோம். தீர்ப்பில் நடந்தபோது "சட்டம் சொல்லிவிட்டது" என்று தலை குனிந்தவர்களே அதிகம்.

மூன்றாவது கோணல்: "அதுதான் வேறு கதவு திறந்திருக்கிறதே"

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டத்தைப் பிரிவிக் கவுன்சில் சுட்டிக்காட்டியது. அந்த வழியில் விண்ணப்பித்தால் பிரஜையாகலாம், ஆகவே இவர்களை என்றென்றைக்கும் ஒதுக்கும் நோக்கம் சட்டத்துக்கு இல்லை என்றது.

கதவு இருந்தது உண்மை. அதன் அளவைப் பாருங்கள். 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் மணமானவர் 7 வருடமும் மணமாகாதவர் 10 வருடமும் தொடர்ந்து இங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். பத்திரம் கொடுப்பவர் துரை, பத்திரம் கேட்பவர் அரசாங்கம், அலைகிறவர் தொழிலாளி. விண்ணப்பிக்கும் காலம் 1951 ஆகஸ்ட் 5ஆம் திகதியோடு முடிந்தது. பிரிவிக் கவுன்சில் "கதவு இருக்கிறது" என்று எழுதியது 1953இல். பூட்டிய கதவைக் காட்டி வீடு திறந்திருக்கிறது என்றார்கள்!

நமது தலைமை முதலில் இந்தச் சட்டத்தைப் புறக்கணிக்கச் சொல்லி, பிறகு அவசரமாக விண்ணப்பிக்கச் சொன்னதும் வரலாறுதான். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 8 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. அந்த வழியில் பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. ஆறு பேர் தட்டினால் ஒருவருக்குத் திறந்த கதவு அது. ஒரு காயத்துக்கு மருந்து இருக்கிறது என்று சொன்னால் காயம் ஏற்படுத்தப்படவில்லை என்று ஆகிவிடுமா? வாக்கைப் பறித்தது சரியா என்பதுதான் கேள்வி. "திருப்பிக் கேட்க ஒரு படிவம் இருக்கிறது" என்பது அந்தக் கேள்விக்குப் பதிலாகாது. கேள்வியை மாற்றிவிட்டு, மாற்றிய கேள்விக்குப் பதில் சொல்லும் வித்தை இது.

காலம் சொன்ன தீர்ப்பு

"வந்து போகிறவர்கள்" என்றார்கள். நாம் போகவில்லை. ஆகவே அவர்களே அனுப்பினார்கள். 1964 ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 9 லட்சத்து 75 ஆயிரம் பேரைக் கேட்காமலே பங்கு பிரித்தது. 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இங்கே, மீதி 1 லட்சத்து 50 ஆயிரம் பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். அவர்களையும் 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். தலைமன்னாருக்குக் கோச்சியேறிய குடும்பங்கள் தங்கள் "இடம்பெயரும் பழக்கத்தால்" ஏறவில்லை. ஏற்றிவிட்டார்கள், அழுதுகொண்டே போனார்கள்.

பிறகு 1988இல் 39ஆம் இலக்கச் சட்டம், 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் என்று நாடற்றவர் நிலையைப் பாராளுமன்றமே முடிவுக்குக் கொண்டுவந்தது. அதே மக்கள், அதே லயம், அதே பாட்டன், பூட்டன். 1948இல் தகுதியில்லாதவர்கள் 2003இல் எப்படித் தகுதியானார்கள்? நாம் மாறவில்லை. அன்று சொன்ன காரணம் அன்றே பொய்க்கால் காரணம். அதை நிரூபிக்க 55 வருடமும் பல லட்சம் மனிதரின் கண்ணீரும் தேவைப்பட்டன.

இன்றைய சட்டை

இது பழங்கதை என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

"உங்கள் பெயர் இல்லையே" என்ற முதல் கோணல்: பிரதேச சபைத் தேர்தலில் நாம் வரிசையில் நின்று வாக்களித்தோம். ஆனால் தோட்டத்துக்குள் ஒரு பாதையைச் செப்பனிடச் சபைப் பணத்தைச் செலவழிக்கச் சட்டம் இடம் தரவில்லை என்றார்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டினார்கள். அதிலும் நமது இனத்தின் பெயர் இல்லை. தோட்டத்தில் வாழ்பவர் யார் என்பதுதான் எல்லோருக்கும் தெரியுமே! 2018இல் அந்தப் பிரிவைத் திருத்தும் வரை, சபைக்கு வாக்கு நமது, சபையின் கல்லும் தாரும் மற்றவருக்கு.

"நீங்கள் இப்படிப்பட்டவர்கள்" என்ற இரண்டாவது கோணல்: சம்பளம் கேட்டால் "உங்கள் உற்பத்தித்திறன் குறைவு" என்கிறார்கள். குறைவு என்றே வைத்துக்கொள்வோம். காரணம் தொழிலாளியின் கையா? வயதுபோன செடியை யார் மாற்றி நடவில்லை? கவ்வாத்தையும் உரத்தையும் யார் தள்ளிப்போட்டார்கள்? மலையைக் காடாக்கிவிட்டு, காட்டுக்குள் கொழுந்து குறைவு என்று பறிப்பவரைக் குற்றம் சொல்கிறார்கள். இதில் ஒரு வட்டமும் உண்டு. சம்பளம் குறைவு, ஆகவே இளைஞர் கொழும்புக்குப் போகிறார்கள். ஆள் குறைவு, ஆகவே மலை பராமரிப்பு இல்லை. பராமரிப்பு இல்லை, ஆகவே கொழுந்து குறைவு. கொழுந்து குறைவு, ஆகவே சம்பளம் கூட்ட முடியாது! தாங்கள் உண்டாக்கிய விளைவையே தங்களுக்கு ஆதாரமாக எடுத்துக்காட்டுகிறார்கள்.

கேள்வியை மாற்றும் மூன்றாவது கோணல்: 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் மேன்முறையீட்டு நீதிமன்றம் போயின. பல தோட்டங்களில் கிலோவைக் கூட்டி, எட்டாதவருக்கு அரைப்பேர் போட்டார்கள். 2024இல் 1,700 ரூபா என்று வர்த்தமானி வந்தபோது உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கினார்கள். பிறகு அதே ஆண்டில் 1,350 ரூபாவில் வந்து நின்றது. தடை வந்த நாளில் கம்பனிப் பக்கம் பேசியவர்கள், "பார்த்தீர்களா, 1,700 கேட்டதே நியாயமில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது" என்றார்கள். நம்மவரிலும் பலர் நம்பினார்கள். இடைக்காலத் தடை என்பது வழக்கு முடியும் வரை ஒரு விஷயத்தை நிறுத்திவைக்கும் கட்டளை. ஐந்து பேர் உள்ள குடும்பம் அந்தச் சம்பளத்தில் சாப்பிட முடியுமா என்ற கேள்விக்கு அது பதில் சொல்வதில்லை. முறை பற்றிய கேள்விக்குக் கிடைத்த பதிலை, நியாயம் பற்றிய கேள்விக்குக் கிடைத்த பதிலாக விற்றார்கள்.

உள்ளக விசாரணையில் இன்னொரு கோணல் அடிக்கடி வரும். "நீ எடுக்கவில்லை என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்பார்கள். செய்யாத ஒன்றுக்கு எவர் ஆதாரம் காட்ட முடியும்? குற்றம் சொன்னவரே குற்றத்தைக் காட்ட வேண்டும். தொழில் நியாயசபையிலும் வேலைநீக்கம் செய்ததைத் தோட்டம் ஒப்புக்கொண்டால், அது நியாயமானது என்று காட்டும் பொறுப்பு தோட்டத்துக்கே. நமது பாட்டன் காலத்தில் "நீ இந்நாட்டவன் என்பதைக் காட்டு" என்று சுமையைத் தொழிலாளியின் தலையில் ஏற்றினார்கள். பேரப்பிள்ளையின் தலையிலும் அதே சுமையை ஏற்ற விடாதீர்கள்.

நமது பக்கத்துக் கோணல்

எதிரியின் கோணலை மட்டும் காட்டிவிட்டு முடித்தால் அதுவும் ஒரு கோணல்தான். நமது மேடைகளில் என்ன வாதம் கேட்கிறது? "இருநூறு வருடம் உழைத்தோம், ஆகவே கேட்டதைக் கொடு." இருநூறு வருட உழைப்பு உண்மை. அது நம்மை நிமிர வைக்கும் உண்மை. ஆனால் ஒரு பெண்ணின் வேலைநீக்க வழக்கில் அதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் வழக்கு தோற்கும். அங்கே வேண்டியது செக்ரோல் பதிவு, சம்பளத் துண்டு, அன்றைக்கு எந்த மலையில் வேலை என்று சொல்லும் சாட்சி. "அவர் மற்றச் சங்கத்துக்காரர், அவர் பேச்சை எடுக்க வேண்டாம்" என்பதும் நமக்குள் நாமே போட்டுக்கொள்ளும் கோணல். மற்றச் சங்கத்துக்காரர் சரியான கணக்குச் சொன்னால் அது சரியான கணக்குத்தான்.

துரையிடம் நேர்மையான வாதத்தைக் கேட்கிறவன் தானும் நேர்மையாக வாதிக்க வேண்டும். அதுதான் பலமும்.

மூன்று கேள்விகள்

அடுத்த முறை ஒரு கடிதம் வந்தால், ஒரு விசாரணை வந்தால், சம்பள மேசையில் ஒரு "காரணம்" வைக்கப்பட்டால், தோட்டக் கமிட்டி கூடி இந்த மூன்று கேள்விகளையும் உரக்கக் கேளுங்கள்.

ஒன்று: சொன்ன விஷயம் உண்மையா? யார் கண்டது? எந்தப் பதிவில் இருக்கிறது? அந்தப் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். நட்டம் என்றால் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டு: உண்மையாகவே இருந்தாலும், அதிலிருந்து இந்த முடிவு வருகிறதா? வேறு காரணம் இருக்க முடியாதா?

மூன்று: நாம் கேட்ட கேள்விக்குத்தான் பதில் வந்ததா? அல்லது வேறொரு கேள்விக்கு வந்த பதிலை நமது தலையில் கட்டுகிறார்களா?

வேலைநீக்கம் என்றால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாயசபைக்கு விண்ணப்பம் போக வேண்டும். அந்தச் சபை நியாயமும் ஒப்புரவும் எது என்று பார்த்துத் தீர்க்கவே உண்டாக்கப்பட்டது. உங்கள் தொழில் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் நிவாரணம் கொடுக்கும் அதிகாரமும் அதற்கு உண்டு. "கையெழுத்துப் போட்டுவிட்டாய், இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடிதத்தை எடுத்துக்கொண்டு அதே கிழமை சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள். ஆறு மாதம் என்பது தூங்கிக் கழிக்கும் காலம் இல்லை. 1951 ஆகஸ்ட் 5ஐ மறக்காதீர்கள்.

கோடகன் பிள்ளை வழக்கில் தோற்றார். ஆனால் லண்டன் வரை போய், எதிர்த்தரப்பைக் காரணம் சொல்ல வைத்தார். அந்தக் காரணங்கள் எழுத்தில் இருப்பதால்தான் இன்றைக்கு நாம் அவற்றை எடுத்து, இது பொய், இது முரண், இது திருப்பம் என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது. வாய் மூடியிருந்தால் அந்த ஆதாரமும் கிடைத்திருக்காது.

ஆகவே தோழர்களே, தோழியரே, காரணம் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். வந்த காரணத்தைத் தராசில் வையுங்கள். முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க நமக்குத் தெரியும்.